கடைசித் திட்டில் நிற்கும் கம்பு

பிப்ரவரி 11

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். உன் மச்சானுக்கு முழங்கால் வலி பழையபடிதான். உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் உடம்பு சுகந்தானே? அச்சாபீஸ் மை வாடைக்கு உனக்கு வரும் இருமல் நின்றதா?

எழுத்து கோணலாக இருக்கிறதென்று சிரிக்காதே. இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதியது. நடுநடுவே அவளாகவும் சேர்த்துக்கொள்வாளாம், என் நாத்தனார் இப்போதுதான் சொல்கிறாள். இனி நானே எழுத்துக் கூட்டி எழுத வேண்டியதுதான். மூன்றாம் வகுப்புப் படிப்பு இத்தனை காலம் கழித்து வேலைக்கு வருகிறது.

போன் வாங்கி அனுப்புகிறேன் என்றாயாம். வேண்டாம். போனில் வாயைத் திறந்தால் எனக்கு என்ன வருமென்று எனக்கே தெரியாது. கடிதமென்றால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம்.

சமையலறைப் பக்கம் ஓடு விலகி ஒழுகுகிறது. பாத்திரம் வைத்திருக்கிறேன். கரையில் பறவை ஆபீஸ்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கழிமுகம் முழுவதையும் பறவைகளுக்காகப் பாதுகாக்கப் போகிறார்களாம். எந்தெந்தச் சேற்றுத் திட்டில் யார் மட்டிச் சிப்பி எடுக்கிறார்கள் என்று தூரக் கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். அதில் ஒருவர் சேற்றில் இறங்கி, கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. உன் மச்சான் போய்த் தோண்டி எடுத்துக் கொடுத்தார். வெகுநாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தார்.

வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து நன்றாகவே இருக்கிறது. இங்கே பிள்ளைகளுக்குச் சளி, மற்றபடி குறையில்லை. மச்சானை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அக்கா, உன் வாயாடி மகள் இல்லாத வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று யோசித்தால் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணை ஒரு காய்ச்சல் கொண்டுபோகும் என்று யார் நினைத்தோம். என்னால் வர முடியாமல் போனது. அதைப் பற்றி நீயும் ஒன்றும் எழுதவில்லை.

அவள் கம்பு கடைசித் திட்டில் இன்னும் நிற்கிறதா? என் வீட்டுக்காரி வேற்றூர்க்காரி, அவளுக்கு இது புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். நம் ஜனத்தில் மட்டி எடுக்கப் போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் அம்மா ஒரு கம்பு நட்டுக் கொடுப்பாள். படகைக் கட்டுவதற்கு அது. அடையாளத்துக்கு ஒரு துணியும் கட்டியிருக்கும். அந்தப் பெண் போய்விட்டால் அவள் கம்பு நிற்கிற திட்டு ஓய்வுக்குப் போய்விடும். நட்டுக் கொடுத்தவளே பிடுங்க வேண்டும். அதுவரை யாரும் கால் வைக்க மாட்டார்கள். பேச்சும் எடுக்க மாட்டார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டாள், "அந்த அம்மாவால பிடுங்க முடியலேன்னா?" அதை உன்னிடமே கேட்கிறேன்.

பதில் எழுது.

உன் தம்பி


மார்ச் 23

தம்பிக்கு அக்கா.

பிள்ளைகளின் சளிக்கு நீர் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கச் சொல். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

ஓடு மாற்றியாயிற்று. மாற்ற வந்தவர் வேறு இரண்டு ஓட்டை மிதித்து உடைத்துவிட்டுப் போனார். இப்போது படுக்கிற இடத்தில் ஒழுகும்.

திட்டுகளில் கூட்டம் தாங்கவில்லை. வழக்கமாகக் கடைசித் திட்டுக்குப் போகிறவர்களும் இந்த நாலு திட்டிலேயே விழுகிறார்கள். விரல் நகம் அளவு மட்டியைக்கூட விட மாட்டேன் என்கிறார்கள். நேற்று என் நாத்தனாருக்கும் நம் ஊர் நெட்டைக்கும் தண்ணீருக்குள்ளேயே சண்டை. கரையேறியதும் நாத்தனார் என்னிடம் வந்தாள். அவளுக்கு வீட்டில் ஐந்து வாய். "அண்ணி, நீ அழு, வேண்டாங்கல. ஆனா உன் துக்கத்துக்கு நாங்க எத்தனை நாள் வயித்தைக் கட்டணும்?" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். வாயாடியைக் குளிப்பாட்டித் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவளிடம் எனக்குக் கோபம் இல்லை.

பறவை ஆபீஸ்காரர் அவளிடம் கடைசித் திட்டைக் காட்டி, அந்தப் பக்கம் நீங்கள் போவதில்லையா என்று கேட்டாராம். போவதில்லை என்று சொல்லியிருக்கிறாள். வேறென்ன சொல்வாள், கம்பு நிற்கிற திட்டைப் பற்றி அந்நிய மனிதரிடம் எப்படிப் பேசுவது? அவர் எழுதிக்கொண்டு போனாராம்.

நீ கேட்டதற்கு அப்புறம் எழுதுகிறேன்.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

போன மாதம் எங்கள் அச்சாபீசுக்கு ஒரு சுவரொட்டி வேலை வந்தது. என் மெஷினில்தான் ஓட்டினேன். வேலை கொடுத்தவர் பக்கத்திலேயே நின்று, நீலத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள், பளிச்சென்று தெரியட்டும் என்றார். தூக்கிக் கொடுத்தேன். தாள் வெளியே வந்து அடுக்கில் விழுந்தபோதுதான் நிதானித்துப் பார்த்தேன். சேறு, தண்ணீர், நடுவில் ஒரு கம்பு, கம்பின் உச்சியில் ஒரு கொக்கு. கம்பில் நீலத் துணி. மச்சானின் பழைய சட்டைக் கிழிசல், அக்கா. காலர் தையல்கூடத் தெரிகிறது. கீழே பெரிய எழுத்தில் "மனிதக் கால் படாத திட்டு" என்று போட்டிருக்கிறது.

மெஷினை நிறுத்திவிட்டேன். என்ன ஆயிற்று என்று முதலாளி கேட்டார். பேப்பர் சிக்கிவிட்டது என்று சொல்லி, மறுபடி ஓட்டினேன்.

பிறகு பறவை ஆபீஸ்காரர்களின் கழிமுக விதிகளுடைய முன்வரைவும் எங்களிடமே அச்சுக்கு வந்தது. பூர்வகுடிகளுக்கு அறுவடை உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் ஆட்கள் மட்டி எடுத்ததைக் கண்ணால் பார்த்த திட்டுகளுக்கு மட்டும். கடைசித் திட்டில் யாரும் இறங்கியதைப் பார்க்கவில்லையாம். அதனால் அது பறவைக்கு மட்டுமே, இனி என்றைக்கும் யாரும் இறங்கக் கூடாது. ஜூலையில் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு மக்கள் கருத்தைக் கேட்பார்கள். அதோடு சரி.

நம் திட்டுகளிலேயே பெரியது அதுதான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுவரொட்டி ஒன்று சுருட்டி அனுப்பியிருக்கிறேன். அனுப்பலாமா என்று ரொம்ப யோசித்தேன்.

உன் தம்பி


மே 26

தம்பிக்கு அக்கா.

உருளை வந்தது, மூலைகூட மடங்கவில்லை. நன்றாகக் கட்டியிருந்தாய்.

சுவரில் ஒட்டிவிட்டேன். ஒழுகாத சுவரில். உன் மச்சான் அதன் முன்னால் உட்கார்ந்தே சாப்பிடுகிறார். முதல் நாள் மட்டும், "என் சட்டைதான்" என்றார். அவளைப் போட்டோ எடுக்க வேண்டும் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து எடுக்காமலே விட்டோம். இதுவாவது இருக்கட்டும். நீலத்தைத் தூக்கிக் கொடுத்தாயே, நல்லதாகப் போயிற்று.

முன்வரைவை நெட்டையின் மருமகள் படித்துக் காட்டினாள். அறுவடை என்று போட்டிருக்கிறதே, நாம் என்ன விதைத்தோமா என்று நாத்தனார் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கடைசித் திட்டுப் பக்கம் வந்ததும் யாரும் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்காமல் எழுந்து போனார்கள். பார்த்திருந்தாலும் பரவாயில்லை.

உன் இருமலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

இருமல் இருக்கிறது. அதை விடு.

நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல். கூட்டத்துக்கு முன்னால் கம்பைப் பிடுங்கிவிடேன். பறவை ஆபீஸ் காவல்காரர் பார்க்கிற நேரமாகப் பார்த்துப் பிடுங்கு. அன்றைக்கே எல்லோரும் கூடையோடு இறங்கட்டும். கண்ணால் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார்கள். சட்டம் ஒருமுறை அச்சாகிவிட்டால் மாற்ற நாள் ஆகும். அச்சடிக்கிறவன் சொல்கிறேன்.

அவள் இருந்திருந்தால் என்ன சொல்வாள், நீயே யோசி. அத்தைப் பிள்ளைகள் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு வாயாடி சும்மா இருப்பாளா? நீ இறங்காமல் இருப்பதால் அவள் திரும்பி வரப்போவதில்லை, அக்கா. இதை யாராவது உன்னிடம் சொல்லத்தானே வேண்டும்.

கோபித்துக்கொள்ளாதே.

தம்பி


ஜூலை 3

தம்பிக்கு அக்கா.

கோபம் இல்லை.

போனேன். தண்ணீர் வற்றுகிற நேரம், காவல்காரர் கரையில் இருந்தார். நாத்தனார் படகைத் தள்ளினாள். கம்புக்குப் பக்கத்தில் போய் நின்றோம். கை எட்டும் தூரம். கொக்கு எச்சமிட்டு உச்சி வெள்ளையாக இருந்தது. துணி வெளுத்திருக்கிறது, உன் படத்தில் இருக்கிற நீலம் இல்லை.

உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஏறியது. திரும்பி வந்துவிட்டோம்.

நீ எழுதியதெல்லாம் சரிதான். எல்லோரும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

அக்கா


ஜூலை 30

தம்பிக்கு அக்கா.

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று யோசனையாக இருக்கிறது. இங்கே மழை, வீடு முழுக்கப் பாத்திரம்.

கூட்டம் நடந்தது. கேட்க ஆவலாக இருப்பாய் என்று விவரமாக எழுதுகிறேன், இரண்டு நாளாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்து வகுப்பறை. சின்னப் பிள்ளைகள் பெஞ்சு, எல்லோரும் முழங்காலை முகவாய்க்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதிகாரி ஒரு பெண், என் வயது இருக்கும். காலையிலிருந்து வேறு மூன்று இடத்தில் கூட்டம் முடித்து வந்ததாகச் சொன்னார். முன்னால் வைத்த டீ ஆடை கட்டிவிட்டது. நம் நாலு திட்டையும் வாசித்து, உரிமை உண்டு, உரிமை உண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசித் திட்டில், கண்காணித்த காலம் முழுவதும் ஒருவரும் இறங்கவில்லை, ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்.

நம் ஆட்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டார்கள், உனக்குத் தெரியும். நட்டவள் நான் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் பேசினால் அது முறை இல்லை. நாத்தனார் முழங்கையால் இடிக்கவும் இல்லை. அவள் இடித்திருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேனோ என்னவோ.

காலையிலேயே உன் சுவரொட்டியைச் சுவரிலிருந்து உரித்துச் சுருட்டி மடியில் வைத்திருந்தேன். ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்காதே. வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர மனசில்லை. எழுந்து போய் அவர் மேஜைமேல் விரித்தேன். ஒரு மூலை கிழிந்துவிட்டது.

"இந்தக் கம்பு எதுக்கு நிக்குதுன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

பறவை உட்கார யாரோ நட்டிருப்பார்கள் என்று நினைத்தோம் என்றார்.

"இது என் மகளோடது. அவ செத்துப்போயிட்டா. அதனாலதான் யாரும் எறங்கல."

தம்பி, அந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்கும் எழுதியதில்லை. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னேன். சொன்ன பிறகு உட்கார நாற்காலி போட்டார்கள்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தாம்மா இதை எடுத்தேன். அந்தத் துணி அழகா இருந்துச்சுன்னு எடுத்தேன்" என்றார். அப்புறம் எல்லாம் மெதுவாகக் கேட்டார். யார் நடுவது, யார் பிடுங்குவது, யார் வீட்டில் எப்போது என்று. அதற்குள் நம் ஆட்களுக்கு வாய் வந்துவிட்டது. நெட்டை தன் மாமியார் நட்ட கம்பு நின்ற கதையைச் சொன்னாள். பட்டணத்திலிருந்து வந்த ஒருவர், இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கடைசியில் எல்லாவற்றையும் கேட்பார்கள், பறவை எங்கே போகும் என்றார். "எங்க வீட்ல சாவு விழுந்து நாங்க விட்டுக்குடுத்த இடத்துலதான்யா உங்க கொக்கு வந்து உக்காந்துச்சு" என்றாள் நாத்தனார்.

ஓய்வில் விட்ட திட்டும் உங்கள் திட்டுதான் என்று எழுதிக்கொள்கிறேன் என்றார் அந்த அம்மா. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்துக் கேட்டார், ஓய்வு எவ்வளவு காலம் என்று.

"பிடுங்க முடியற வரைக்கும்."

"அப்படி விதியில எழுத முடியாதும்மா. ஒரு காலம் சொல்லணும். ஒரு வருஷம்னு போடட்டுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாத்தனார்தான், "போடுங்க" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆக என் துக்கத்துக்கும் ஒரு கெடு வைத்தாயிற்று.

உன் இருமலுக்கு மருந்து வாங்கு. பதில் போடு.

அக்கா


அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் அலைந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் ஜூன் மாதம் உனக்கு நான் எழுதியதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. இருமலுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை. மச்சான் முழங்கால் எப்படி?

விதிகள் நேற்று இறுதி அச்சுக்கு வந்தன. வேறொருவன் முறை, நான் கேட்டு வாங்கி ஓட்டினேன். எழுதியிருக்கிறபடியே சொல்கிறேன்: "குடும்பத்தில் நிகழ்ந்த இறப்பின் பொருட்டு ஓய்வில் விடப்படும் திட்டுகளும், ஓராண்டுக்கு மிகாமல், பயன்பாட்டில் உள்ளவையாகவே கொள்ளப்படும்." அப்படிப்பட்ட திட்டில் தேதி எழுதிய பலகை ஒன்று ஆபீஸ் சார்பில் நடப்படும் என்றும் இருக்கிறது.

நம் ஜனத்தைப் பற்றி இத்தனை வருடத்தில் அச்சான ஒரே வரி அக்கா அது. உன்னால் வந்தது.

கெடு முடிய நாள் கொஞ்சந்தான் இருக்கிறது. இந்த முறை லீவு சொல்லிவிட்டேன். நீ பிடுங்கும்போது நான் வந்து படகைப் பிடித்துக்கொள்கிறேன். எப்போது வரட்டும், எழுது.

உன் தம்பி


நவம்பர் 6

தம்பிக்கு அக்கா.

உடம்புக்குப் பயமில்லை என்று எழுதினாயே, இனிமேல் நிம்மதி. உன் மச்சானுக்கு முழங்கால் வீக்கம் வற்றியிருக்கிறது. வீட்டில் இப்போதைக்கு ஒழுகல் இல்லை, மழை இல்லாததால்.

நீ லீவு சொன்னதை வைத்துக்கொள், பள்ளிக்கூட லீவில் பிள்ளைகளோடு வா. கம்பைப் பிடுங்கிவிட்டேன்.

போன வாரம் ஆபீஸ் பக்கம் போனேன். வாசலில் பச்சைப் பெயின்ட் அடித்து ஒரு பலகை சாய்த்து வைத்திருந்தது. ஓய்வில் உள்ள திட்டு என்று எழுதி, கீழே ஆரம்பித்த தேதி, முடிகிற தேதி. ஆரம்பித்த தேதிக்கு நேரே அவள் போன நாளை எழுதியிருந்தார்கள். பெயின்ட் இன்னும் காயவில்லை. எங்கே நடலாம் என்று காவல்காரர் என்னையே மரியாதையாகக் கேட்டார். "கம்புக்குப் பக்கத்துலேயே நட்டுடலாமாம்மா?" நல்ல மனிதர். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தும் அந்த முடிகிற தேதியே கண்ணில் நின்றது. மறுநாள் தண்ணீர் வற்றியதும் நாத்தனாரைக் கூப்பிட்டேன். துடுப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். கொக்கு உட்கார்ந்திருந்தது. நாத்தனார் கையைத் தட்டியதும் எழுந்து போயிற்று.

சேற்றில் இறங்கி இரண்டு கையாலும் பிடித்தேன். அடி இறுகிப் போயிருக்கும், ஆள் வேண்டியிருக்கும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒரு அசைப்புத்தான். வந்துவிட்டது. இவ்வளவு லேசாகவா நட்டுக் கொடுத்திருக்கிறேன் அவளுக்கு என்று இருந்தது. அந்தக் குழியைப் பார்ப்பதற்குள் சேறு வந்து மூடிக்கொண்டது.

அப்புறம் நின்ற இடத்திலேயே காலால் துழாவினேன். கால் வைத்த இடமெல்லாம் மட்டி. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. நான் எடுத்தேன், எடுத்துக் கூடையில் போட்டேன். நாத்தனார் படகைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள், அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு அதுவே சேதி. சாயங்காலத்துக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அவள் பிள்ளைகள் ஐந்தும் இருட்டுகிற வரை தின்றன.

பலகை ஆபீஸ் வாசலிலேயே சாய்ந்து நிற்கிறது. தேதியை மட்டும் அழித்திருக்கிறார்கள். யாருக்கு வேண்டியிருக்குமோ.

கம்பு வீட்டுக்குள் நிற்காது, நீளம். வெட்டட்டுமா என்றார் உன் மச்சான். வேண்டாம் என்றேன். கொல்லையில் குறுக்கே கட்டித் துணி காயப்போடுகிறேன். உச்சியிலிருந்த எச்சத்தைத் தேய்த்துக் கழுவினேன், முழுதாகப் போகவில்லை. நீலத் துணியை அவிழ்க்கவில்லை. அதன் பக்கத்திலேயே அவர் சட்டையும் காய்கிறது.

போன் வாங்கித் தருகிறேன் என்று சொன்னாயே, வாங்கு. விலை மலிந்ததாகப் பார். சாயங்காலத்தில் கூப்பிடு, வீட்டில்தான் இருப்பேன். நடுவில் அழுதால் நீ வைத்துவிடாதே, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிரு.

அக்கா